நின்றோட்டும் ஜெட் ஸ்கீயில் ஃபோம் மெத்தை: முழங்காலைக் காக்கும் ஒரு கைவேலை

தண்ணீர் மென்மையானது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். கையால் அள்ளும்போது அது மென்மைதான். ஆனால் வேகமாகச் செல்லும் ஒரு வாகனத்தின் அடியில் அதே தண்ணீர் கருங்கல் பாதை போல ஆகிவிடுகிறது. ஒவ்வோர் அலையும் ஒரு மேடு. ஒவ்வொரு மேடும் ஓர் இடி. அந்த இடியை முதலில் வாங்கிக்கொள்பவை ஓட்டுபவரின் பாதங்களும் முழங்கால்களும்தான். அந்த இடத்தில் விரிக்கப்படும் ஃபோம் மெத்தையைப் பற்றித்தான் இக்கட்டுரை பேசுகிறது.

"ஜெட் ஸ்கீக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று வாசகிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதில் ஏறி ஓட்டப்போகிறவர்கள் நம்மில் மிகச் சிலரே. ஆனால் அந்த மெத்தை எதனால் ஆனது, எப்படி வெட்டப்படுகிறது, எப்படி ஒட்டப்படுகிறது என்று பார்த்தால், நமது காலில் கிடக்கும் செருப்பும், குழந்தை தவழும் விரிப்பும், தையல் மேசையில் கிடக்கும் அளவுத் தாளும் அதற்குள் வந்துவிடுகின்றன. முழந்தாளிட்டு வேலை செய்யும் எல்லாப் பெண்களுக்கும் அதில் ஒரு பாடமும் இருக்கிறது.

நின்றோட்டும் ஜெட் ஸ்கீ என்பது என்ன?

பெந்தோட்டையில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் நீர் வாகனங்களைப் பலர் கண்டிருப்பார்கள். அவை பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் அமர்வது போல உட்கார்ந்து ஓட்டுபவை. இதன் மூத்த சகோதரன்தான் நின்றோட்டும் வகை. அதில் ஆசனமே கிடையாது. பின்பகுதியில் ஒருவர் நிற்கும் அளவுக்கு ஒரு நீண்ட தட்டு, இரு புறமும் முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை எழும் சுவர், முன்னால் மேலும் கீழும் அசையும் ஒரு கைபிடித் தண்டு. அவ்வளவுதான். அடியில் இருக்கும் இயந்திரம் நீரை உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சுகிறது. அந்த உதைப்பில் வாகனம் முன்னே பாய்கிறது. வெளியே சுழலும் விசிறி இல்லை.

இதனை உருவாக்கியவர் கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கர். அவர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். மண்ணிலும் கல்லிலும் விழுந்து அடிபடுவதை விடத் தண்ணீரில் விழுவது மேல் என்ற எண்ணமே அவரை இதற்குத் தூண்டியது. 1960களின் நடுவில் அலுமினியத்தால் முதல் மாதிரியைச் செய்தார். கனடாவின் பொம்பார்டியர் கொம்பனி 1968இல் 'சீ-டூ' என்ற பெயரில் உட்கார்ந்து ஓட்டும் வாகனத்தை வெளியிட்டது. அது அப்போது நிலைக்கவில்லை. நின்றோட்டும் வடிவத்தை ஜப்பானின் கவாசாகி கொம்பனி 1973இல் 'ஜெட் ஸ்கீ' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டு வந்தது. அந்தப் பெயர் கவாசாகியின் வர்த்தகப் பெயர் என்றாலும், இன்று எந்தக் கொம்பனியின் வாகனத்தையும் மக்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். 1990இல் யமஹாவின் 'சூப்பர் ஜெட்' வந்தது. 2017இல் கவாசாகி வெளியிட்ட 1500 சீசீ இயந்திரம் கொண்ட நின்றோட்டும் வாகனம் ஏறத்தாழ 250 கிலோ எடை கொண்டது.

மென்மையாக விழ வேண்டும் என்று தண்ணீருக்குப் போனவரின் கண்டுபிடிப்பிலேயே, பின்னாளில் மெத்தை விரிக்க வேண்டி வந்தது. விழுவதற்குத்தான் தண்ணீர் மென்மை, நிற்பதற்கு அல்ல.

உடம்பு எங்கே படுகிறது?

ஒரு நல்ல மெத்தை செய்பவர் முதலில் ஃபோமைப் பார்ப்பதில்லை. உடம்பைப் பார்க்கிறார். எந்த உறுப்பு, எந்த இடத்தில், எவ்வளவு பலத்துடன் படுகிறது என்பதே முதற் கேள்வி.

ஆழமான நீரில் இதில் ஏறும் முறையை நினைத்துப் பாருங்கள். ஓட்டுபவர் நீரில் மிதந்தபடி பின்னால் வந்து கைபிடியைப் பற்றுகிறார். வயிற்றையும் நெஞ்சையும் தட்டின் பின் விளிம்பின் மேல் இழுத்துப் போடுகிறார். பிறகு ஒரு முழங்கால், அதன்பின் மறு முழங்கால். வாகனம் ஓடத் தொடங்கி நிலை கொண்ட பிறகே ஒவ்வொரு காலாக ஊன்றி எழுந்து நிற்க முடியும். ஒரு நாளில் இருபது தடவை விழுந்தால் இருபது தடவை இதே வேலை.

ஆகவே பின் விளிம்பில் விலா எலும்பு அழுந்துகிறது. தட்டின் நடுவில் முழங்கால் அழுந்துகிறது. திரும்பும்போது கெண்டைக்காலும் முழங்காலின் பக்கமும் பக்கச் சுவரில் மோதுகின்றன. அலையில் மேலெழுந்து கீழே இறங்கும்போது குதிகாலும் கணுக்காலும் இடி வாங்குகின்றன. தடுமாறி முன்னால் சாய்ந்தால் கைபிடித் தண்டின் நுனியில் நாடி அடிபடுகிறது. இந்த ஐந்து இடங்களுக்கும் ஒரே தடிப்பான மெத்தை பொருந்துமா? பொருந்தாது. இடத்துக்கு இடம் வடிவமும் மாற வேண்டும், இறுக்கமும் மாற வேண்டும். இந்தக் கைவேலைக்குத் தேவை ஏற்படுவது இங்கேதான்.

முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை. முழங்காற் சில்லின் முன்பக்கத்தில், தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு சிறு திரவப் பை இருக்கிறது. தோல் எலும்பின் மேல் உராயாமல் வழுக்கிச் செல்ல அது உதவுகிறது. கடினமான தரையில் அடிக்கடி முழந்தாளிட்டால் அந்தப் பை அழற்சியுற்று வீங்கிவிடும். இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் 'வேலைக்காரியின் முழங்கால்' என்றே பெயர் வைத்தார்கள். பெரிய வீடுகளில் முழந்தாளிட்டுத் தரை தேய்த்த பணிப்பெண்களிடம் அது அதிகம் காணப்பட்டதே காரணம். தரை ஓடு பதிக்கும் மேசன்மாருக்கும் இது வருவதுண்டு. ஜெட் ஸ்கீ ஓட்டுபவரும், குனிந்து நிலம் துடைக்கும் உம்மாவும் இந்த விடயத்தில் ஒரே வரிசையில்தான் இருக்கிறார்கள்.

எந்த ஃபோம்?

ஃபோம் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சோஃபாவிலும் கட்டில் மெத்தையிலும் இருக்கும் ஸ்பொஞ்ச். அதன் உள்ளே இருக்கும் சிறு அறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும். அழுத்தினால் காற்று வெளியேறும். விட்டால் மீண்டும் உள்ளே வரும். தண்ணீரும் அப்படியே உள்ளே வரும். பத்து லீற்றர் கொள்ளளவுள்ள ஸ்பொஞ்சை ஜெட் ஸ்கீயின் தட்டில் ஒட்டினால், அது நனைந்து ஊறிய பின் பத்துக் கிலோவுக்குக் கிட்டிய பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். பிறகு அது உலராமல் நாற்றமெடுத்து, ஒட்டும் விட்டுப் போய்விடும்.

இங்கே தேவைப்படுவது மூடிய அறைகள் கொண்ட ஃபோம். ஆயிரக்கணக்கான மிகச் சிறிய பலூன்களை நெருக்கி ஒட்டிய மாதிரி அது இருக்கும். ஒவ்வொரு பலூனும் தனித்தனியே மூடியிருப்பதால் தண்ணீர் புக வழியில்லை. இவற்றுள் பெரிதும் பாவிக்கப்படுவது ஈ.வி.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் எத்திலீன் வைனைல் அசிற்றேற். பெயர் புதிதாக இருக்கலாம், பொருள் புதிதல்ல. பாரமில்லாத குளியலறைச் செருப்புகள், ஓட்டச் சப்பாத்துகளின் நடு அடி, சிறு பிள்ளைகள் விளையாடும் பல நிறத் துண்டு விரிப்புகள், நீச்சல் பழகும்போது பிடித்துக்கொள்ளும் பலகை ஆகிய பலவும் இதனால் செய்யப்படுகின்றன. பாலெத்திலீன் ஃபோமையும் சிலர் பாவிக்கிறார்கள். அது விலை குறைந்தது, பாரமும் குறைவு. ஆனால் ஒட்டு அதில் அவ்வளவு இலகுவில் பிடிப்பதில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு சிறு துண்டை வெட்டி நீருக்குள் பல தடவை பிழிந்து விடுங்கள். வெளியே எடுத்து மறுபடி பிழியும்போது நீர் சொட்டினால் அது திறந்த அறை ஃபோம். துடைத்ததும் உலர்ந்து போனால் மூடிய அறை ஃபோம்.

ரெஜிபோம் என்று நாம் சொல்லும் வெள்ளைப் பெட்டிப் பொருள் இந்த வேலைக்கு உதவாது. அது ஒரு தடவை நசுங்கினால் மீள்வதில்லை. ஒட்டும் பசையிலுள்ள திரவமே அதைக் கரைத்துவிடவும் கூடும்.

இந்த ஃபோம் மெத்தையின் மேல் விரிக்கப்படும் மேற்போர்வைக்கு 'டர்ஃப்' என்று பெயர். டர்ஃப் என்றால் புல்தரை. ஆனால் இதில் புல் இல்லை. அதுவும் ஈ.வி.ஏ.தான்; 5, 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள விரிப்பு. மேற்பரப்பில் கோடுகளாகவோ வைர வடிவிலோ வெட்டுகள் இருக்கும். நனைந்த காலும் வழுக்காமல் பிடித்து நிற்க அந்த வெட்டுகளே உதவுகின்றன. மேலே தெரிவது டர்ஃப். கீழே மறைந்திருந்து உடம்பைக் காப்பது செதுக்கிய ஃபோம்.

மெத்தென்று இருப்பதெல்லாம் நன்மையல்ல

"முழங்கால் நோகிறதென்றால் தடித்த, மெத்தென்ற ஃபோமைப் போட்டால் போதுமே" என்று தோன்றும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்.

மெத்தை எப்படிக் காக்கிறது? விழும் உடம்பை அது சற்று நீண்ட தூரத்தில் நிறுத்துகிறது. ஒரு சென்ரிமீற்றரில் நிற்பதற்குப் பதிலாக மூன்று சென்ரிமீற்றரில் நின்றால், தாக்கும் பலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் மிக மெல்லிய இறுக்கமுள்ள ஃபோம், அடி விழுந்தவுடன் முழுவதும் நசுங்கி அடிப்பலகையைத் தொட்டுவிடும். அதன் பிறகு அங்கே மெத்தை இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. கையால் அழுத்தும்போது சுகமாக இருந்த அதே ஃபோம், பாயும் நேரத்தில் கைவிட்டுவிடுகிறது.

இன்னொரு கேடும் உண்டு. கட்டில் மெத்தையின் மேல் எழுந்து நின்று பாருங்கள். கணுக்கால் இங்குமங்கும் சாயும். அதே தள்ளாட்டம் ஓடும் வாகனத்தில் வந்தால் கணுக்கால் சுளுக்கும். காலடியில் வாகனம் எப்பக்கம் சரிகிறது என்பதைப் பாதத்தாலேயே உணர்ந்துதான் ஓட்டுபவர் நிலை காக்கிறார். தடித்த மெல்லிய ஃபோம் அந்த உணர்வை மறைத்துவிடும். தட்டை வீணாக உயர்த்தினால் உடம்பின் பாரமும் உயரே போய் நிலை தளரும்.

ஆகவே அனுபவசாலிகள் இடத்துக்கு ஏற்பப் பிரித்துப் போடுவார்கள். பாதம் ஊன்றி நிற்கும் இடத்தில் இறுக்கமான, அதிகம் தடிக்காத ஃபோம். முழங்கால் ஊன்றும் இடத்தில் அடியில் இறுக்கமானதும், மேலே அதைவிட மெதுவானதுமாக இரண்டு அடுக்கு. மெதுவானது சுகம் தருகிறது. இறுக்கமானது அடிப்பலகையைத் தொட விடாமல் தடுக்கிறது. பின் விளிம்பில் கூர் மழுங்கிய உருண்டை வடிவம். பக்கச் சுவரில் முழங்கால் மோதும் உயரத்தில் மட்டும் ஒரு மெத்தைப் பட்டி.

இவற்றோடு தட்டின் பின் மூலைகளில் சரிவான ஆப்பு வடிவக் கட்டைகளும் ஃபோமால் செய்து வைக்கப்படுவதுண்டு. பொதுவாக ஓரிரு அங்குல உயரம் இருக்கும். தட்டையான தளத்தில் பாதம் பின்னால் வழுக்கும். சரிவின் மேல் ஊன்றினால் பாதம் நின்று பிடிக்கும். உடம்பின் பாரத்தைப் பின்னால் சாய்த்து வாகனத்தின் மூக்கைத் தூக்குவதும் இலகு. அலைக்கு மேல் எழுந்து வானத்தில் குட்டிக்கரணம் போடும் வீரர்களுக்கு இந்த ஆப்பும், பாதத்தை மாட்டிக்கொள்ளும் பட்டியும் இல்லாமல் முடியாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள லேக் ஹவாசு நகரத்திலும், தாய்லாந்தின் பட்டாயாவுக்கு அருகேயுள்ள ஜொம்தியன் கடற்கரையிலும் நடந்துள்ள உலகப் போட்டிகளில் இத்தகைய வாகனங்கள் ஓடியிருக்கின்றன. பெண்களுக்கெனத் தனிப் பந்தயங்களும் அவற்றில் உண்டு.

அளவெடுப்பதும் வெட்டுவதும்

இனி வேலைக்கு வருவோம். தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இந்தப் பகுதி அந்நியமாக இராது.

முதலில் வாகனத்தைத் தரையில் வைத்துப் பழைய விரிப்பையும் பழைய பசையையும் முழுவதும் அகற்ற வேண்டும். பழைய பசையின் மேல் ஒட்டுவது, பழைய சுண்ணாம்பு உதிரும் சுவரில் பெயின்ற் பூசுவது போல. தளம் பெரும்பாலும் கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக்கால் ஆனது. அதனை 80ஆம் இலக்க அரத்தாளால் தேய்த்துச் சற்றுக் கரடாக்கி, எண்ணெய்ப் பசை போக அசிட்டோனால் துடைப்பார்கள். நகப்பூச்சு அகற்றும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் இந்த அசிட்டோன்தான்.

பிறகு ஓட்டுபவரையே தட்டில் ஏற்றி, ஓட்டும் நிலையில் நிற்கவும் முழந்தாளிடவும் சொல்லி, பாதமும் முழங்காலும் படும் இடங்களைச் சோக்கால் குறிக்க வேண்டும். உயரமானவருக்கு ஓரிடம், குள்ளமானவருக்கு வேறிடம். ஒருவருக்குத் தைத்த சட்டை மற்றவருக்குப் பொருந்தாதது போலத்தான் இதுவும்.

குறித்த இடத்துக்கு மேல் காட்போட்டை வைத்து அளவுத் தாள் வெட்டப்படுகிறது. இடம் வலம் இரண்டுக்கும் ஒரே தாள் போதும். ஆனால் மறு பக்கத்துக்கு அதைப் புரட்டிப் போட வேண்டும். புரட்ட மறந்தால் இரண்டு கைகளும் ஒரே பக்கத்துக்கு வெட்டப்பட்ட சட்டை போலாகிவிடும். ஃபோம் வீணாகும்.

தடித்த கட்டை வேண்டுமென்றால் ஃபோம் விரிப்புகளை அடுக்கடுக்காக ஒட்டிக் கட்டையாக்குவார்கள். அதனைக் கூரிய கத்தியால் வெட்டலாம். மெத்தைக்காரர்கள் கையாளும் ஓர் உபாயம், பாண், இறைச்சி அறுக்கும் மின்கத்தி. அதன் இரு அலகுகளும் எதிரெதிராக அசைவதால் ஃபோம் நெளியாமல் நேராக அறுபடும். சாதாரணக் கத்தியாயின் ஒரே அழுத்தில் அறுக்காமல், நீண்ட இழுப்புகளாகப் பல தடவை இழுக்க வேண்டும். மழுங்கிய கத்தி ஃபோமை அறுக்காது, பிய்க்கும்.

வெட்டிய கட்டையை உருவாக்குவது அரத்தாள். முதலில் கரடான தாள், பிறகு நயமான தாள். மின்சாரத்தில் சுழலும் தேய்ப்பானைப் பாவிப்பவர்கள் வேகத்தைக் குறைத்து, மெதுவாகத் தொட்டு எடுப்பார்கள். அழுத்திப் பிடித்தால் சூட்டில் ஃபோம் இளகிக் கட்டி கட்டியாக உரிந்துவிடும். எடுத்தது எடுத்ததுதான், மீண்டும் ஒட்ட முடியாது. ஆகவே கொஞ்சம் தேய்ப்பது, கையால் தடவிப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது என்றே வேலை நகரும். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமும் உள்ளங்கைக்குத் தெரியும். இந்த நேரத்தில் பறக்கும் தூசு மூக்குக்குள் போகாமல் முகமூடி அணிவது அவசியம். தூசைக் கூட்டிக் கட்டிக் குப்பையில் சேர்க்க வேண்டும். நீரில் கழுவி விட்டால் அது அழியாமல் கடலுக்குப் போய் மீனின் வயிற்றில் சேரும்.

இரண்டு விடயங்களில் அதிக கவனம் வேண்டும். ஒன்று, ஓரங்கள். மெத்தை முடியும் இடம் படிக்கட்டு போல நிற்காமல், தோசையின் ஓரம் போல மெலிந்து தளத்தோடு கலக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த விளிம்பில் டர்ஃப் தூக்கி நின்று, நாளடைவில் கால் பட்டுக் கிழியும். இரண்டு, தட்டும் பக்கச் சுவரும் சேரும் உள் மூலை. டர்ஃப் கூர்மையாக மடியாது. மடக்கி ஒட்டினால் பின்னால் வெற்றிடம் விழுந்து விரைவில் கழன்றுவிடும். ஆகவே அந்த மூலையில் உட்குழிந்த ஒரு ஃபோம் துண்டை வைத்து மூலையை வளைவாக்கிவிடுகிறார்கள்.

போர்வை தைப்பது போல

மெத்தை ஒட்டி முடிந்த பின்னரே மேற்போர்வைக்கு அளவெடுக்க வேண்டும். முன்னரே எடுத்த அளவு பொருந்தாது. மேடு வந்தால் மேற்பரப்பும் கூடிவிடும் அல்லவா? மெல்லிய தாளை மெத்தை மேல் பரப்பி, விளிம்புகளை விரலால் அழுத்தி வரைந்து, அந்தத் தாளை டர்ஃப்பின் பின்புறத்தில் வைத்து வெட்டுவார்கள். ஒரே துண்டால் எல்லா வளைவையும் மூட முயன்றால் சுருக்கம் விழும். தையலில் மார்பளவுக்கு 'டாட்' பிடிப்பது போல, இங்கும் வளைவுள்ள இடங்களில் ஆப்பு வடிவில் சிறு துண்டை வெட்டி எடுத்து இரு ஓரங்களையும் முட்ட வைத்து ஒட்டுவார்கள். மூட்டுகளைக் கால் அதிகம் உராயாத இடத்தில் வைப்பது புத்திசாலித்தனம்.

ஒட்டுவதற்குப் பாவிக்கப்படுவது, சப்பாத்து தைப்பவர்கள் பாவிக்கும் மஞ்சள் நிறப் பசையின் வகையைச் சேர்ந்தது. இதன் குணம் அரிசிக் கஞ்சிப் பசையின் குணத்துக்கு நேரெதிர். தளத்திலும் பூச வேண்டும், விரிப்பின் பின்புறத்திலும் பூச வேண்டும். பூசியவுடன் ஒட்டக் கூடாது. தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயும் வரை காத்திருக்க வேண்டும். காலநிலையைப் பொறுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் செல்லலாம். காய்ந்த இரு பக்கங்களும் ஒன்றையொன்று தொட்ட கணமே பற்றிக்கொள்ளும். பிறகு நகர்த்த முடியாது, திருத்த முடியாது.

அதனால் நிதானமாகச் செய்பவர்கள் நடுவில் மெழுகுத் தாளைப் பரப்பி அதன் மேல் விரிப்பைச் சரியாக வைத்துப் பார்த்து, ஒரு முனையிலிருந்து தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்தபடி ஒட்டிச் செல்வார்கள். காற்று உள்ளே அடைபடாமல் உருளையால் அழுத்துவார்கள். வளைவுகளில் சூடான காற்றை ஊதினால் டர்ஃப் இளகி, சொன்னபடி வளையும். கடைசியாக ஒரு நாளாவது தண்ணீரில் இறக்காமல் விட வேண்டும். அவசரப்பட்டு இறக்கிய வேலை, அலையோடு போய்விடும்.

பசையிலும் ஆபத்து உண்டு

இந்தப் பசையில் பெரும்பாலும் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். அதன் ஆவி காற்றை விடப் பாரமானது. மேலே கலைந்து போகாமல் தரையோடு படர்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். எளிதில் தீப்பற்றும். மூடிய அறையில் முகர்ந்தால் தலைவலியும் மயக்கமும் வரும். தொடர்ந்து பல காலம் முகர்ந்தால் நரம்பு மண்டலமே பாதிக்கப்படும். கர்ப்பிணிகள் அருகே இருக்கவே கூடாது.

இது ஜெட் ஸ்கீக்காரருக்கு மட்டும் சொல்லும் எச்சரிக்கையன்று. செருப்புக்கும் பைக்கும் ஒட்டுப் போடும் வீட்டுக் கைத்தொழில்கள் நம்மிடையே உண்டு. மகன் சமையலறை வாசலில் பசை டின்னைத் திறந்து வைத்திருக்க, உள்ளே உம்மா அடுப்பைப் பற்ற வைத்தால் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். திறந்த வெளியில், நெருப்பும் பிள்ளைகளும் இல்லாத இடத்தில் மட்டுமே இந்த வேலையைச் செய்ய வேண்டும். மீதிப் பசையை இறுக மூடி, எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

மெத்தையால் காக்க முடியாதவை

எவ்வளவு அழகாகச் செதுக்கிய மெத்தையும் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றாது. உயிர்காப்பு அங்கி இல்லாமல் இதில் ஏறக் கூடாது. கையில் கட்டும் கயிற்றின் மறு முனை இயந்திரத்தை நிறுத்தும் விசையில் மாட்டப்பட்டிருக்கும். விழுந்தவுடன் இயந்திரம் நின்றுவிடும். அதைக் கட்டாமல் ஓட்டினால் விழுந்தவர் நடுக்கடலில், வாகனம் வேறெங்கோ.

பெண்களும் பெற்றோரும் அறிய வேண்டிய இன்னோர் எச்சரிக்கை இவ்வாகனங்களிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. பின்பக்கமாக விழுபவரின் மேல் பீய்ச்சும் நீர் பலமாகத் தாக்கினால், அது உடலின் கீழ்த் துவாரங்கள் வழியே புகுந்து உள்ளுறுப்புகளைக் கடுமையாகக் காயப்படுத்தலாம். சாதாரண நீச்சலுடை இதற்குப் போதிய காப்பல்ல என்றும், நீர் விளையாட்டுக்கான தடித்த இறப்பர் கீழாடை அணிய வேண்டும் என்றும் அந்த எச்சரிக்கை சொல்கிறது. உட்கார்ந்து ஓட்டும் வகைக்கும் இது பொருந்தும். பின்னால் அமர்ந்து செல்பவருக்கே இந்த ஆபத்து அதிகம். வாடகைக்கு எடுக்கும் இடங்களில் இதை எல்லோரும் சொல்வதில்லை. பிள்ளைகள் சுற்றுலா போகும்போது நாமே சொல்லி அனுப்ப வேண்டும்.

நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை

முழந்தாளிட்டு நிலம் துடைப்பவர்கள், தோட்டத்தில் களை பிடுங்குபவர்கள் ஒரு துண்டு மூடிய அறை ஃபோமை முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொள்ளலாம். மடித்த சாக்கை விட அது மேல், நனையாது, கழுவலாம். கையால் அழுத்தி அடி தெரிகிறதா என்று பார்ப்பது போதாது. அதன் மேல் முழங்காலை ஊன்றிப் பாருங்கள். எலும்பு தரையைத் தொடுவதாக உணர்ந்தால் அதைவிட இறுக்கமான ஃபோம் வேண்டும். இன்னும் மெத்தென்றது அல்ல.

இரண்டாவது, ஃபோமுக்கும் ஆயுள் உண்டு. தினமும் அழுந்துவதால் அதன் சிறு அறைகள் மெல்ல மெல்லத் தட்டையாகி மீளாமல் போகின்றன. குதிகால் பட்ட இடம் மட்டும் குழிந்து போன செருப்பைப் பாருங்கள், புரியும். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அது இனிக் குதிகாலைக் காப்பதில்லை. பட்டி அறுந்தால்தான் செருப்பு பழசு என்று நாம் நினைக்கிறோம். குதிகால் வலி உள்ளவர்கள் அடிப்பகுதி குழிந்ததுமே மாற்றிவிடுவது நல்லது.

மூன்றாவது, குழந்தைகளின் துண்டு விரிப்புகள். ஃபோம் உற்பத்தியின்போது உண்டாகும் ஃபோர்மமைட் என்ற இரசாயனம் சில விரிப்புகளிலிருந்து காற்றில் வெளிப்படுவதாகக் கண்டு, 2010இன் இறுதியில் பெல்ஜியமும் பிரான்சும் அவற்றின் விற்பனைக்குத் தடை போட்டன. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் பொம்மைகளிலுள்ள ஃபோமுக்கு இதில் ஓர் எல்லையை வகுத்தது. ஆகவே புதிதாக வாங்கிய விரிப்பில் காரமான நெடி வீசினால், உடனே குழந்தையை அதில் கிடத்த வேண்டாம். உறையைப் பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் சில நாட்கள் விரித்து வையுங்கள். அதன் பிறகும் நெடி போகாவிட்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஜெட் ஸ்கீயின் தட்டில் ஒட்டப்படும் மெத்தை முழுவதும் டர்ஃப்புக்குக் கீழே மறைந்துவிடுகிறது. செய்தவரின் கைவண்ணத்தை எவரும் காண்பதில்லை. மாலையில் கரையேறும்போது முழங்கால் நோகாமல் நடந்து போகிறவருக்கு மட்டுமே அது தெரியும். நம் வீடுகளில் நிலம் துடைப்பவரின் முழங்காலையும் யாரும் பார்ப்பதில்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, அந்த முழங்காலுக்கும் ஒரு முழத் துண்டு ஃபோம் வாங்கி வாருங்கள்.